பெரியவர், சின்னவர், ரெண்டு மீசை

போன திங்கட்கிழமை காலையில் ட்ரிம்மரில் சீப்பை மாட்ட மறந்து, மீசையின் இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். புதிதாக ரோடு போட்ட மாதிரி நேராக ஒரு பாதை. பாதி மீசையோடு ஆபீஸ் போக முடியுமா? மீதியையும் எடுத்தேன். எடுத்துவிட்டு, படிகாரக் கட்டியை நனைத்து மேலுதட்டில் தேய்த்தேன். (இந்தக் காலத்திலும் வீட்டில் படிகாரமா என்று கேட்காதீர்கள். நான் எதையும் தூக்கிப் போடாதவன். என் வீட்டுக்காரி இதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.)

ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி, "சார், ஸ்மார்ட்டா இருக்கீங்க" என்றார். ரிசப்ஷன் பெண் "நியூ லுக்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்து சீட்டுப் பையன் மத்தியானம் வரை எதையும் கவனிக்கவில்லை. கவனித்ததும், "கண்ணாடி மாத்தினீங்களா சார்?" என்றான். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. கேட்கவேண்டிய ஒரே ஒரு கேள்வியை இந்த ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது.

படிகாரத்துக்கு வாசனை கிடையாது என்பார்கள். உண்டு. மழை நனைத்த கல்லுக்கும் பல்பொடிக்கும் நடுவில் ஒரு வாசனை. அது மூக்கில் ஏறினால் போதும், நான் ஹெப்பகோடி கம்பெனி கேட்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட சலூனில் போய் நிற்பேன். பக்கத்தில் கோதண்டம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குடியாத்தம் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் தங்கி, பம்புசெட்டு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். ஆஸ்டின் டவுனில் பால்காரர் தமிழ், இஸ்திரிக்காரர் தமிழ், சண்டைக்காரர்களும் தமிழ். எனக்குத் தெரிந்த கன்னடம் மொத்தம் மூன்று சொல்: பேகு, பேடா, ஸ்வல்ப. வேண்டும், வேண்டாம், கொஞ்சம். யோசித்துப் பாருங்கள், மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன பாஷை தேவை? மூன்றையும் வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் ஓட்டினேன். மூன்றாவது வருஷம் நாலாவது சொல்லில் மாட்டினேன்.

கம்பெனி பஸ் ஜீவனஹள்ளியில் கிளம்பி, ஆஸ்டின் டவுனில் என்னை ஏற்றிக்கொண்டு, ஓசூர் ரோட்டில் ஊர்ந்து ஹெப்பகோடி போய்ச் சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் எங்களுக்கு ஒரே ஒரு பேச்சுதான். பெரியவரா, சின்னவரா?

பெரியவர் என்றால் எங்களுக்கு முந்தின காலத்து பேட்ஸ்மேன். சின்னவர் என்றால் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர். பேரைச் சொல்லமாட்டோம். சொன்னால் விக்கெட் விழும். எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லாமல் குடித்தனம் நடத்தியதுபோல, நாங்கள் பேரைச் சொல்லாமல் கிரிக்கெட் நடத்தினோம். ஒருதரம் புதிதாக வந்த ட்ரெய்னி ஒருவன், மடிவாளா தாண்டும்போது சின்னவர் பேரை முழுசாக, அப்பா பேரோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். அன்றைக்கு மத்தியானமே அவர் அவுட். அந்த மாசம் முழுக்க அவனுக்கு சீட்டு கிடைக்கவில்லை.

பெரியவர் கட்சிக்குத் தலைவர் கோதண்டம் அண்ணன். லேத் ஆபரேட்டர், ஜீவனஹள்ளிக்காரர். அவருக்கு ஒரு மீசை இருந்தது. ஸ்கூட்டர் ஹேண்டில் மாதிரி ரெண்டு பக்கமும் வளைந்து நிற்கும். டீ குடித்தால் அதற்குத் தனியாகக் கால் டம்ளர் போகும்.

"பெரியவர் ஆடுனது சோறு வடிக்கிற மாதிரிடா," என்பார். "பானையைச் சாய்ச்சிட்டுப் பேசாம நிக்கணும். அவசரப்பட்டா சோறும் போச்சு, கையும் போச்சு."

"சின்னவர் ஆடறது பூரி பொரிக்கிற மாதிரிண்ணே," என்பேன் நான். "போட்டா உப்பணும்."

"ஆறுனா அமுங்கிடும்."

"ஆற விட்டாத்தானே?"

"டேய், அந்தக் காலத்துல தலையில வெறும் தொப்பி. பந்து காதுகிட்ட வந்து ரகசியம் சொல்லிட்டுப் போவும். அவரு கேட்டுக்கினு சும்மா நிப்பாரு. இவரு தலையில குக்கரை மாட்டிக்கினு ஆடறாரு."

"குக்கர் இருக்கறதாலதானேண்ணே ஊரே விசில் அடிக்குது."

பஸ்ஸே சிரிக்கும். அண்ணன் அசையமாட்டார். கடைசியில் ஒரு வாக்கியம் வைத்திருப்பார், கோயில் மணியை அடிக்கிற மாதிரி. "அடிச்ச பந்தை எவன் வேணா எண்ணுவான். விட்ட பந்தை எண்ணத் தெரியணும்."

டிரைவர் சலீம் பாய் ஸ்டியரிங்கை விடாமல் பாதி கழுத்தைத் திருப்புவார். "தோனோ அச்சே ஹை, பாய், ரெண்டு பேருமே நல்லவங்கதான். முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ரெண்டு சக்கரம். எதைக் கழட்டட்டும், சொல்லுங்க."

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும். சின்னவர் கட்சியில் நான் சேர்ந்ததற்குக் காரணமே வேறு. சாயங்கால பஸ் முதலில் ஆஸ்டின் டவுன் வரும், அப்புறம்தான் ஜீவனஹள்ளி. ஜீவனஹள்ளி முனையில், பால் பூத் பக்கத்தில், கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வருகிற ஒரு பெண் அந்த நேரத்துக்குப் பையோடு நிற்பாள். வாதம் முடியவில்லை என்கிற சாக்கில் நான் ஆஸ்டின் டவுனில் இறங்காமல் அண்ணனோடு ஜீவனஹள்ளி வரைக்கும் போய், வேறு பஸ் பிடித்துத் திரும்புவேன். பெரியவரை ஒத்துக்கொண்டால் வாதம் ஆஸ்டின் டவுனிலேயே முடிந்துவிடுமே!

ரெண்டு மாசம் கழித்து அண்ணனே கண்டுபிடித்தார். "டேய், நீ சின்னவரைப் பாக்க வரலை, பால் பூத்தைப் பாக்க வர்றே." அந்தப் பெண் அவர் மனைவி சுலோசனா அண்ணிக்கு ஒன்றுவிட்ட அக்கா மகளாம். அண்ணனே முன்நின்று பேசினார். என் போட்டோ ஒன்று அந்த வீட்டுக்குப் போயிற்று. என் மீசை அப்போது பென்சில் கோடு. ஸ்டுடியோக்காரர் இரக்கப்பட்டு, கறுப்பு மை தொட்டு அதைக் கொஞ்சம் அடர்த்தியாக்கித் தந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு ஒருநாள் ஆட்டம். காலை பஸ்ஸில் பேச்சு முற்றிவிட்டது.

"இன்னிக்கு உங்காளு முட்டைடா," என்றார் அண்ணன்.

"நூறு," என்றேன்.

"நூறு அடிச்சா என் மீசையை எடுக்கிறேன். முட்டை போட்டா உன் மீசையை எடு."

"நடுவுல எது வந்தாலும்?"

"ரெண்டு மீசையும் பொழைச்சிது."

முன் சீட்டிலிருந்த டெலிபோன் ஆபரேட்டர் ஜயம்மா திரும்பிப் பார்த்தார். மண்டியாப் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. "இவத்து நூறு கேரண்டி, நோடி," என்றார். 'இவத்து' என்றால் 'இன்றைக்கு' என்று எனக்கே புரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனாலும் ஸ்கோர் கேட்க ஜயம்மாவை விட்டால் ஆளில்லை. ஷாப் ஃப்ளோரில் ரேடியோ கூடாது என்று மேனேஜர் உத்தரவு. ஓசூர் ரோட்டுக் கம்பெனிகளின் டெலிபோன் ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் தங்களுக்குள் ஒரு சங்கிலி வைத்திருந்தார்கள். எங்கோ ஒரு கம்பெனியில் முதலாளி அறையில் டிவி. கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்து ஒரு பெண் அடுத்த போர்டுக்குச் சொல்வாள், அது அடுத்ததற்குப் போகும், கடைசியில் ஜயம்மாவுக்கு வரும். ஸ்டோர்ஸில் ஒரு போன் இருந்தது. நான் கேட்டு எல்லோருக்கும் சொல்வது வழக்கம்.

அன்றைக்குக் காலையில் ஒரு லோடு வந்து இறங்கியதில் போன் பக்கமே போக முடியவில்லை. சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் எடுத்தேன்.

"அக்கா, ஸ்டோர்ஸ். சின்னவர் எவ்வளவு?"

லைனில் ஒரே கரகரப்பு. பின்னால் மேனேஜர் குரல். ஜயம்மா தணிந்த குரலில், "சொன்னெ" என்றார்.

"ஆமாக்கா, காலையிலேயே சொன்னீங்க. அடிச்சிட்டாரா?"

"சொன்னெ ரீ. பாப." வைத்துவிட்டார்.

கன்னடத்தில் 'சொன்னெ' என்றால் பூஜ்யம். 'பாப' என்றால் பாவம். என் மூன்று சொல்லில் இவை ரெண்டும் இல்லை. என் காதில் விழுந்தது இதுதான்: "சொன்னேன், பாரப்பா." நூறு அடிப்பார் என்று சொன்னேன், பார்த்தாயா!

ஸ்டோர்ஸ் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "நூறு" என்று நான் கத்தியதில் வைண்டிங் செக்ஷனில் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் தவறவிட்டார். கோதண்டம் அண்ணன் லேத்தை நிறுத்தினார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். மணி அடித்ததும் கேட்டைத் தாண்டி நேராக சலூனுக்கு நடந்தார். எனக்கே பயமாகிவிட்டது.

"அண்ணே, சும்மா பேச்சுக்குத்தானே..."

"பேச்சுக்குத்தான்டா மீசை. பேச்சு போனா அது வெறும் மயிரு."

சலூன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மொட்டையும் உண்டா?" என்று கேட்டார். எதற்கு இப்படிக் கேட்கிறார் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் புரியவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிஷ வேலை. மேலுதட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வெயில் படாத ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. அதன்மேல் படிகாரம் ஓடியது. அண்ணன் கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எப்பிடிடா இருக்கேன்?"

"சின்னவர் மாதிரி இருக்கீங்கண்ணே."

"விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைம்பாங்க," என்றார். "இனிமே அந்தப் பிரச்சினை இல்ல."

சாயங்காலம் பஸ்ஸில் நான் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஜயம்மா ஏறினார். என்னைப் பார்த்து நின்றார்.

"ஏன்ரீ ஸ்டோர்ஸ், உங்க சின்னவர் போயிட்டாரு, நீங்க சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"எங்கக்கா போனாரு? நூறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்கே நூறு அந்தெ? சொன்னெ அந்தெ."

"அதான், சொன்னீங்கல்ல?"

"சொன்னீங்க இல்லரீ. சொன்னெ."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலே. அவர் சொன்னெ."

"அவர் என்ன சொன்னார்?"

ஜயம்மா பெருமூச்சு விட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் செய்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அந்த வட்டத்துக்குள்ளே, ரெண்டு சீட்டுத் தள்ளி, கோதண்டம் அண்ணனின் மேலுதடு தெரிந்தது.

பஸ் மடிவாளா வரைக்கும் ஊர்ந்தது. அப்புறம் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்போ, அவரு முட்டை போட்டதுக்கா நான் மீசையை எடுத்தேன்?"

சலீம் பாய் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சக்கரத்தைக் கழட்டாதீங்கன்னு சொன்னேன், மீசையைக் கழட்டிட்டீங்களே பாய்."

அண்ணன் என்னை விடவில்லை. "நீயும் வீட்டுக்கு வா. தனியா போனா அவ அடிப்பா." ஜீவனஹள்ளி முனையில் இறங்கினோம். பால் பூத் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையைக்கூட எடுக்காமல் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

"ஏன்டா ஓடுது அது?"

"தெரியலண்ணே."

சத்தியமாகத் தெரியவில்லை. அத்தனை பேர் பஸ்ஸில் வந்தோம், ஒருவனுக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை வருஷக்கணக்காக வளர்த்த மீசையைத் திடீரென்று எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பனோ ஆத்தாளோ போய்விட்டார்கள்.

சுலோசனா அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். முறம் ஒரு பக்கம் போயிற்று, அரிசி ஒரு பக்கம் போயிற்று. "ஐயோ மாமா" என்று ஒரு சத்தம். "போன மாசம் வந்தப்போ கறிக்கொழம்பு கேட்டீங்களே மாமா, அடுத்த தடவைன்னு அனுப்பிட்டேனே மாமா." போளூரில் இருக்கிற மாமனாரைத்தான் சொல்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் என்னிடம் வந்து, "எப்ப எடுக்கறாங்களாம்?" என்று கேட்டார்.

இதில் கோதண்டம் அண்ணன் செய்த காரியம் என்ன தெரியுமா? பெண்டாட்டி அழுவதைப் பார்த்தார், தெருவே அழுவதைப் பார்த்தார். ஊரிலிருந்து சேதி நமக்கு முந்தி வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "அப்பாவுக்கு என்னாச்சுடி?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து, அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

அத்தனை பேர் நடுவில் அழாமல் நின்றவன் நான் ஒருவன்தான். என்னை எல்லோரும் கல்நெஞ்சக்காரன் என்பதுபோல் பார்த்தார்கள்.

"அண்ணி, உங்களுக்கு யார் சொன்னா?"

"யாருடா சொல்லணும்? அவரு மூஞ்சியே சொல்லுதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ அண்ணி, மாமா நல்லா இருக்காரு. அவர் போகல. சின்னவர்தான் போனாரு."

"எந்தச் சின்னவரு?" அண்ணி எழுந்து நின்றார். "எங்க கொழுந்தனாரா?"

அவ்வளவுதான். ரெண்டாவது சுற்று ஆரம்பமாயிற்று. முதல் சுற்றைவிட இது பெரிது. சின்ன வயசு பாருங்கள், ரெண்டு குழந்தை வேறு.

வேறு வழியில்லாமல் நான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னேன். (இங்கே மாட்டேன். அவர் ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று, இருந்தாலும் வாய் வரவில்லை.) அழுகை ஒவ்வொரு வீடாக நின்றது. அண்ணி மூக்கைச் சிந்திவிட்டுப் புருஷனிடம் வந்தார்.

"அந்த ஆளு அவுட் ஆனதுக்கு நீ ஏன்யா மீசையை எடுத்தே?"

"அவுட் ஆகலைன்னு நெனச்சி எடுத்தேன்டி," என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிரித்து முடித்தீர்களா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பால் பூத்திலிருந்து ஓடியவள் சேதியை வீட்டில் சொல்லியிருந்தாள். துக்க வீட்டுக்காரர் முன்நின்று பேசுகிற சம்பந்தம் வேண்டாம் என்று சனிக்கிழமை காலையில் ஆள் வந்தது. துக்கம் எதுவும் இல்லை என்று அண்ணி ஓடிப்போய்ச் சொன்னார். அது இன்னும் மோசமாகிவிட்டது. "சாவு இல்லாம மீசையை எடுக்கற மனுசன் பேச்சை நம்பியா பொண்ணு குடுக்கறது?" என்றாராம் பெண்ணின் அப்பா. கோலார்ப் பக்கமிருந்து வேறொரு வரன் வந்திருப்பதாகவும் காதில் விழுந்தது. சுலோசனா அண்ணி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் மட்டும் வந்து போகட்டும் என்று சம்மதம் வாங்கி வந்தார்.

என் அக்கா ஒரே வார்த்தை சொன்னாள். "போட்டோவுல மீசை இருக்குது. நீ அதைத் தொட்டே, நான் உனக்கு அக்கா இல்ல."

கோதண்டம் அண்ணனும் அதையேதான் சொன்னார். "பந்தயம் எங்கடா ஓடிப்போவுது? தாலி கட்டிட்டு அப்புறம் எடுத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் இறங்கி அவரோடு நடந்தேன். அக்கா பழத்தட்டை எடுத்துக்கொண்டு அண்ணியோடு பெண் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விட்டிருந்தாள். அந்த ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஏழு பேர் அண்ணன் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் நின்று, "அப்பா நல்லா இருக்காருங்க" என்று சொன்னார். ஏழாவது ஆள் காது கேளாதவர். "நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பாரு, வருத்தப்படாதே" என்று தோளைத் தட்டினார். அண்ணன் தலையாட்டினார். அந்த வெள்ளைப் பட்டையில் நரைத்த முள் ரெண்டு மூன்று முளைத்திருந்தது.

தெரு முனையில் சலூன் திறந்திருந்தது.

"அஞ்சு நிமிஷம்ணே," என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நான் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றார்.

பெண் வீட்டில் அவள் அப்பா கதவைத் திறந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக், கையில் கிரீஸ் போகாத மனுஷர். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்லயுமா தம்பி?"

பழத்தட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பாதியில் விட்டதை அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அவள் அப்பா கடைசிவரை சிரிக்காமல் கேட்டார். "அவரு முட்டை போட்டா உனக்கு இன்னாப்பா?" என்றார். "ஆமா, அவங்க ரெண்டு பேர்ல யாரு பெருசு?"

நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். "பெரியவர்தான்" என்றேன் நான். அதே நேரத்தில் "சின்னவர்தான்" என்றார் அவர்.

"ரெண்டும் கெடையாது," என்றார் அவள் அப்பா. "கிரிக்கெட் ஒரு ஆட்டமா? ரெண்டு பேரையும் ஃபுட்பால் கிரவுண்டுல தொண்ணூறு நிமிஷம் ஓடச் சொல்லு பாக்கலாம்."

காபி வந்தது. அவள் தட்டை நீட்டினாள். என் முகத்தை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுலோசனா அண்ணியிடம் கேட்டாள். "சித்தி, போட்டோவுல இருந்தவரு வரலையா?"

உள்ளே போய்விட்டாள். முடிந்தது, கோலார்க்காரன் கொடுத்து வைத்தவன் என்று நினைத்தேன். அடுக்களையில் அம்மாவும் மகளும் கிசுகிசுப்பது கேட்டது. அம்மா என்னவோ சொன்னார். அதற்கு அவள் சொன்ன பதில் மட்டும் கூடத்துக்கே தெளிவாகக் கேட்டது.

"மீசை வளரும்மா."

அதுதான் சம்மதம். ரெண்டு மாசமாக பஸ் ஜன்னலில் தெரிந்த மூஞ்சி, மீசை இல்லாவிட்டால் அடையாளம் தெரியாதா என்று பிற்பாடு கேட்டாள். கல்யாணத்தன்று எங்கள் ரெண்டு மீசையும் முக்கால்வாசி வளர்ந்திருந்தன. போட்டோவில் பார்த்தால் மாப்பிள்ளையும் முன்நின்றவரும் ஒரே நேரத்தில் நாற்று நட்டவர்கள் மாதிரி இருப்போம்.

கல்யாணமானபின் வாதத்தை ஜீவனஹள்ளி வரை இழுக்கிற அவசியம் எனக்கு இல்லை. இருந்தாலும் இழுத்தேன். ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும், பஸ்ஸில் ஒரு புது ட்ரெய்னி என்னிடம் சொன்னான். "உங்க பெரியவர் இப்போ ரொம்ப ஸ்லோண்ணே." எந்தப் பெரியவர் என்று பார்த்தேன். எங்கள் சின்னவரைச் சொல்கிறான்! நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விட்ட பந்தை எண்ணத் தெரியணும்டா" என்றேன். பின் சீட்டில் கோதண்டம் அண்ணன் அடக்கமாட்டாமல் சிரித்த சிரிப்பில் சலீம் பாய் பிரேக் போட்டார்.

அந்த பஸ் இப்போது இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஜயம்மாவின் போர்டு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ! ஸ்கோர் கேட்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, பந்து விழுவதற்குள் போன் அதுவாகவே கத்துகிறது, பேரைச் சொல்லி, படத்தோடு. என் மகள் அன்றைக்கு ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். எல்லாக் கணக்கும் இருந்தது. விட்ட பந்து மட்டும் இல்லை.

புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, என் மீசையில்லாத போட்டோவை வீட்டுக்காரி கோதண்டம் அண்ணனுக்கு அனுப்பினாள். அவர் ஓசூரில் மகனோடு இருக்கிறார், போனை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது. நான் ரசத்தை ஊற்றிக்கொள்வதற்குள் மணி அடித்தது.

"டேய்." ஹலோகூட இல்லை. "யாருடா?"

மூன்று நாளாக இந்த ஊரே கேட்காத கேள்வி. வாயிலிருந்த சோறு புரையேறி இருமினேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, "எப்பிடிடா ஆச்சு? யாரு?" என்று அந்தப் பக்கம் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சொன்னெ, அண்ணே," என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மறுபடி உட்காருகிற சத்தம் கேட்டது.

"எப்படா சொன்னே?" என்றார்.